நாய்ப் பக்கத்து பிரேக்

என் கணவரின் வலது கால் சும்மா இருக்காது. பேருந்தில் போனால் ஓட்டுநருக்கு முன்பே இவர் கால் தரையை மிதிக்கும். அடுப்பில் பால் பொங்கி வரும் நேரத்தில், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கால் தானாக அழுத்தும். கல்யாணமான புதிதில் நான் கோபமாகப் பேச ஆரம்பித்தாலும் மிதிப்பார். நான் நிற்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டராக இருந்தவர். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்வார். அந்த இருக்கையில் ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது. காலுக்கடியில் கூடுதலாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேரை முழுசாக வீட்டுக்கு அனுப்பியவர் இவர். எல்லாருக்கும் இவர் மாஸ்டர்தான். வெளியாட்கள் முன்னால் எனக்கும் அப்படித்தான்.

பள்ளி முதலாளி ஒருநாள் இடத்தை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். கார் பழைய இரும்புக்குப் போனது. இவர் வீட்டில் உட்கார்ந்தார். கால் மட்டும் தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நாய்க் குளியல் யோசனையைக் கொண்டுவந்தவன் என் தம்பி. அவனுக்குக் குழாய் வேலை. எதிர்வீட்டு டெய்லர் வீட்டுக் குளியலறை அடைத்துக்கொண்டு, அவன் போய்க் குழாயைக் குடைந்து, ஒரு தலையணை அளவுக்கு நாய்முடியை வெளியே எடுத்தான். டெய்லரிடம் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. வேலை எதுவும் செய்யாது. ஆனால் அது வந்தால் எல்லாரும் எழுந்து வழிவிட வேண்டும். அதனால் அதற்கு மந்திரி என்று பேர்.

"அக்கா, இந்தத் தெருவுல மனுஷன் குளிக்கறதால எனக்கு ஒரு லாபமும் இல்ல. நாய் குளிக்கறதாலதான் என் பொழப்பு ஓடுது," என்றான் தம்பி. "ஒவ்வொருத்தரும் வீட்டுல மல்லுக்கட்டறாங்க. நாம பொதுவா ஒரு இடம் போடலாம். இடுப்பு உயரத்துக்குத் தொட்டி, வெந்நீர், ஷாம்பு, காயவைக்கற மெஷின். டோக்கன் போட்டா தண்ணி வரும். அவங்கவங்க நாயை அவங்கவங்களே குளிப்பாட்டிக்குவாங்க. நாம தொடவே வேண்டாம்."

தொடவே வேண்டாம் என்ற சொல்தான் என்னைச் சம்மதிக்க வைத்தது. எனக்கு அப்போது நாய் என்றால் உள்ளங்கை வேர்க்கும்.

முன்பு ஐஸ் கட்டி விற்ற இடம் ஒன்று காலியாக இருந்தது. தரை முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஓரத்து வாய்க்காலில் போய் முடியும். தண்ணீர் தேங்காது. மூன்று எவர்சில்வர் தொட்டிகள் வந்தன. நாய் ஏறுவதற்குச் சரிவுப் பலகை, வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பு, வாரைக் கட்ட வளையம், முடி குழாய்க்குள் போகாமல் இருக்கச் சல்லடை. எல்லாம் தம்பியின் கைவேலை. நகராட்சி தற்காலிக அனுமதி கொடுத்தது. கொஞ்ச நாள் நடத்துங்கள், அதிகாரி வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் நிரந்தர உரிமம், இல்லையென்றால் பூட்டு என்றார்கள். கையில் இருந்தது, கழுத்தில் இருந்தது எல்லாம் அந்தத் தொட்டிகளுக்குள் போயிருந்தன. பூட்டு என்ற சொல்லை நான் வீட்டில் உச்சரிக்கவே விடவில்லை.

மாஸ்டர் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே கண்ணாடி மாட்டச் சொன்னார்.

"கண்ணாடி எதுக்கு மாமா? நாய் பவுடர் போட்டுக்கவா?"

"பின்னாடி பார்க்காம யாரும் நாயைத் திருப்பக் கூடாது மாப்ள. வாலு யார் மூஞ்சியில அடிக்கும்னு தெரியாது."

முதல் தடவை வருகிறவர்களுக்கு எல் போர்டு மாட்ட வேண்டும் என்றார். மாட்டுவது மனிதருக்கா, நாய்க்கா என்று இருவரும் ஒரு மாலை முழுக்க விவாதித்தார்கள். நான்தான் மனிதருக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். நாய் நனைவதற்குப் புதிதாக என்ன கற்க வேண்டும்?

அதன் பிறகுதான் அந்த பிரேக் வந்தது. பல் மருத்துவர் ஒருவர் இடம் மாறியபோது, கைகழுவும் தொட்டியில் காலால் மிதிக்கும் குழாய்களைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்திருந்தார். அதன் சுருள்கம்பியைத் திருப்பிப் போட்டால் மிதிக்கும்போது தண்ணீர் நிற்கும், விட்டால் வரும் என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். இவர் முகத்தில் பல மாதங்களாகக் காணாத வெளிச்சம் வந்தது.

"ரெண்டாவது பிரேக்! போட்டே ஆகணும்."

"சரி, எந்தப் பக்கம் போடட்டும்?"

மாஸ்டர் சாக்பீஸ் எடுத்துத் தரையில் படம் போட்டார். "இது வண்டி. ஓட்டறவன் இங்க. ரெண்டாவது பிரேக் எப்பவும் ஓட்டாதவன் பக்கம். அதுதான் விதி. இங்க ஓட்டறது யாரு?"

"குளிப்பாட்டறவரு."

"அப்ப ஓட்டாதவன் யாரு?"

தம்பி படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? என் வாழ்நாளே அந்த சீட்டுலதான் போச்சு."

இப்படித்தான் மூன்று தொட்டிகளிலும், நாயின் முன்னங்கால் வந்து நிற்கும் இடத்தில் பிரேக் பொருத்தப்பட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தவறைச் செய்யத் தோன்றியிருக்காது.

திறந்த அன்று முதல் ஆளாக டெய்லர் வந்தார். மந்திரியைச் சரிவுப் பலகையில் ஏற்ற அவரும் அவர் மனைவியும் இரண்டு மகள்களும் தேவைப்பட்டார்கள். டோக்கன் விழுந்தது. வெந்நீர் பீறிட்டது. மந்திரி பயந்து ஒரு அடி முன்னால் வைத்தது. தண்ணீர் நின்றது.

டெய்லர் குழாயைத் திருப்பிப் பார்த்தார். மந்திரி காலை எடுத்தது. தண்ணீர் அவர் மூக்கில் அடித்தது. மந்திரி திடுக்கிட்டுக் காலை வைத்தது. நின்றது. எடுத்தது. வந்தது. பிறகு அந்தப் பெரிய தலை மெதுவாகக் குனிந்து தன் முன்னங்காலைப் பார்த்தது. ஒரு மனிதனுக்குக் கடவுள் இருக்கிறார் என்று திடீரெனப் புரிந்தால் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அதன் முகம். காலை அழுத்தி வைத்துக்கொண்டு டெய்லரை நிமிர்ந்து பார்த்தது. அவ்வளவுதான். மலையைக்கூட நகர்த்தலாம், அந்தக் காலை நகர்த்த முடியவில்லை.

"மாஸ்டர்! என்னய்யா இது, நாய் கையில சாவியைக் கொடுத்துட்டீரு?"

"பதறாதீங்க. முதல் நாள் எல்லாரும் பிரேக்குலயே நிப்பாங்க. போகப்போகச் சரியாகிடும்."

"டோக்கன் நேரம் ஓடுதே!"

எனக்குப் பாவமாக இருந்தது, டெய்லரைப் பார்த்தல்ல. அந்த நாய் நடுங்கிக்கொண்டிருந்தது. முகம்தான் மந்திரி, வயிறு முழுக்க நடுக்கம். "டெய்லர் அண்ணே, மல்லுக்கட்டாதீங்க. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்," என்றேன்.

"நாய்கிட்டயா? என்னன்னு கேக்கறது?"

"விஷயத்தைச் சொல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மந்திரி… கழுத்துல சோப்பு இருக்குடா. அப்படியே விட்டா அரிக்கும். கொஞ்சம்தான். கண்ணுல படாம ஊத்தறேன்."

மந்திரி யோசித்தது. கால் மெல்ல எழுந்தது. தண்ணீர் வந்தது. கழுத்து முடிந்ததும் காலை வைத்தது. அவர் காத்திருந்தார். மறுபடி எடுத்தது. நடுக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நின்றிருந்தது.

அன்று மாலை தம்பி ஸ்பானருடன் வந்தான். "கழட்டிப் பக்கம் மாத்திடவா மாமா?"

"எதுக்கு?" என்றார் மாஸ்டர். தான் தப்புச் செய்ததாக இவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கடை பிடித்துக்கொண்டது. எங்கள் கடையில் குளித்த நாய்கள் வீட்டில் கடிப்பதில்லை என்று பேச்சுக் கிளம்பியது. எங்கெங்கிருந்தோ வந்தார்கள். வங்கி மேனேஜர் அம்மா ஒருவர் ஒரு வெள்ளைக் குட்டிநாயைக் கொண்டுவருவார். எடை போதாமல் அதற்கு பிரேக் இறங்கவில்லை. தம்பி சுருள்கம்பியை இளக்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து அந்தக் குட்டி பிரேக்கின் மேல் நான்கு கால்களையும் சேர்த்து வைத்து நிற்கும். வங்கியில் ஒரு பார்வையில் ஆட்களை நடுங்கவைக்கும் அம்மா, "ப்ளீஸ்டா செல்லம், மீட்டிங் இருக்கு," என்று கெஞ்சுவார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் யார் மாமியார் என்ன சொன்னார் என்று தொட்டிக்கு இரு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். அவர்களுடைய நாய் பிரேக்கை மிதித்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. இவர்கள் வாயை மூடினால்தான் தண்ணீர். கடைசியில் இருவரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் நாய்க்கு அழுக்கே இல்லாதபோதும் வந்தார்கள்.

மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாக நடப்பார். மனிதர்களிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நாய்களிடம்தான் பாடம். "சட்டுனு மிதிக்கக் கூடாது. மெதுவா. அதான்… முன்னாடியே யோசிக்கணும். ஷாம்பு பாட்டிலை எடுக்கறார்னா அடுத்தது தண்ணின்னு அர்த்தம்." நாய்கள் காதை நிமிர்த்திக் கேட்கும். இவர் கால் வீட்டில் தரையை மிதிப்பது குறைந்துவிட்டது. பால் பொங்கி வழிந்தபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அதிகாரி வந்தது ஒரு திங்கட்கிழமை.

மெலிந்த மனிதர். முத்திரை குத்துவதுபோல ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார். சட்டையின் முழுக்கை நுனி ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை. வாய்க்கால், சல்லடை, வெந்நீர்ச் சூடு எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தொட்டிக்குள் குனிந்தார்.

"இது என்ன?"

"பிரேக் சார்," என்றார் மாஸ்டர்.

"நாய் குளிக்கிற இடத்துல பிரேக் எதுக்கு?"

"நிறுத்தறதுக்கு சார்."

"யார் நிறுத்தறதுக்கு?"

"நாய் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். பேனாவைத் திறந்தார். "விதி என்ன சொல்லுதுன்னா, கட்டுப்படுத்தற கருவி பயன்படுத்தறவருக்கு எட்டற இடத்துல இருக்கணும்."

"எட்டுது சார். குட்டி நாய்க்குக்கூட எட்டற மாதிரி சரி பண்ணியிருக்கோம்."

"பயன்படுத்தறவர்னா மனுஷன்!"

"தொட்டியைப் பயன்படுத்தறது நாய்தானே சார்? மனுஷங்க வெளியதான் நிக்கறாங்க."

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் சல்லடையைக் கழுவப் போய்விட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வருவேன். இதை எடுத்திருந்தா உரிமம். இல்லைன்னா பூட்டு." எழுதுவதற்காகக் கையை நீட்டியபோது பார்த்தேன். மணிக்கட்டு முழுக்கக் கீறல். சில புதிது, சில காய்ந்தவை.

"நாய் வெச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல."

அதற்குமேல் கேட்கக் கூடாது என்று அந்த ஒரு சொல்லிலேயே இருந்தது. நாய் கீறியவர்களுக்கென்று கடையில் களிம்பு வைத்திருப்போம். ஒரு டப்பாவை எடுத்து அவர் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "லஞ்சமா?" என்றார். "களிம்பு சார். ராத்திரி படுக்கறப்போ தடவுங்க." அவர் அதைத் தொடவில்லை. ஆனால் அவர் போன பிறகு மேசையில் டப்பா இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நாங்கள் மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு பிரேக்குக்காகக் கடையை இழப்பார்களா? மறுநாள் தம்பி முதல் தொட்டியின் பிரேக்கைக் கழற்றி, துளையை அடைத்தான். வேலை சுத்தம். அங்கே எதுவும் இருந்ததாகவே தெரியவில்லை.

டெய்லர் மந்திரியோடு வந்தார். இப்போதெல்லாம் மந்திரிதான் அவரை இழுத்துக்கொண்டு வரும். சரிவுப் பலகையில் தானே ஏறியது. முன்னங்காலை வழக்கமான இடத்தில் வைத்தது. டோக்கன் விழுந்தது. தண்ணீர் வந்தது. மந்திரி அழுத்தியது. தண்ணீர் நிற்கவில்லை. காலைச் சற்று தள்ளி வைத்து அழுத்தியது. அப்புறம் இன்னும் தள்ளி. இருட்டு அறையில் சுவிட்சைத் தேடுகிறவர்கள்போல விரிப்பு முழுக்கத் தடவித் தடவி அழுத்தியது. குரைக்கவில்லை. கடிக்கவில்லை. நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தது. பிறகு ஈரத்தோடு இறங்கிப்போய் வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

"மந்திரி பதவி விலகிடுச்சு," என்றார் டெய்லர். யாரும் சிரிக்கவில்லை.

நான் இவர் காலைப் பார்த்தேன். ஈரத்தரையில் வலது பாதம் இல்லாத எதையோ மிதித்துக்கொண்டிருந்தது.

"மாப்ள," என்றார். "திரும்ப மாட்டு."

"மாமா, கழட்டுன்னீங்க, கழட்டினேன். இப்ப மாட்டுங்கறீங்க. கடை போயிடும்."

"தெரியும்."

"அக்கா, நீயாவது சொல்லு!"

"மாப்ள, ஒரு தடவை பள்ளிக்கூடத்துக் கார்ல என் பக்கத்து பிரேக் வேலை செய்யலைன்னு தெரியாமலே அந்த சீட்டுல உட்கார்ந்து போயிருக்கேன். புதுசாக் கத்துக்கற பையன் ஓட்டினான். நல்லபடியாத்தான் ஓட்டினான், ஒண்ணும் ஆகல. ஆனா இறங்கினப்புறம் விஷயம் தெரிஞ்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் என்னால சோறு திங்க முடியல. அடுத்தவன் கையில முழுசாப் போய் உட்கார்றது எப்படின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒரு வாயில்லாத ஜீவனை அங்க உட்கார வைக்க மாட்டேன்."

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு என் கழுத்து ஞாபகம் வந்தது, தொட்டிகளுக்குள் போன சங்கிலி ஞாபகம் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்பு முதுகும் தெரிந்தது. "மாட்டுடா," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறக்கும்போது வழக்கம்போல் கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றேன். உரிமம் கொடு என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதரின் கையில் இருக்கும் காயம் ஆறட்டும் என்று கேட்டேன். உரிமத்தைப் பற்றிக் கடவுளுக்கே தெரியும். தினமும் எங்கள் கடை வழியாகத்தான் போகிறார்.

டெய்லரும் மந்திரியும் வரிசையில் நின்றபோது அதிகாரி வந்தார். தொட்டிக்குள் பார்த்தார். பிரேக் இருந்தது.

"எடுக்கல."

"எடுத்தோம் சார். திரும்பப் போட்டுட்டோம்."

"ஏன்?"

"மந்திரி ஒத்துக்கல," என்றான் தம்பி. அதிகாரியின் முகம் வெளிறியது. டெய்லர் அவசரமாக நாயைக் காட்டி விளக்கினார்.

"சரி. அப்ப இது ஆபத்தானதுன்னு எழுதி மூடிடறேன். எழுதறதுக்கு முன்னாடி கருவியைப் பயன்பாட்டு நிலையில சோதிக்கணும், அது விதி." பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்தார். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, சரிவுப் பலகையில் ஏறித் தொட்டிக்குள் நின்றார். முதல் தடவை வருபவர் என்பதால் மாஸ்டர் பழக்கதோஷத்தில் எல் போர்டை மாட்டக் கையில் எடுத்துவிட்டார். நான் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"நாய் இருக்கற நிலையில நிக்கணும்னா குனியணுமே சார்," என்றார் டெய்லர் மரியாதையாக. அதிகாரி யோசித்து, முழங்காலிட்டு, கைகளை ஊன்றினார். வலதுகை பிரேக்கின் மேல் வந்தது.

"தண்ணி."

மாஸ்டர் குழாயை எடுத்து அவர் முதுகில் வெந்நீரைப் பிடித்தார். அதிகாரியின் உடம்பு சட்டென்று இறுகியது. பிறர் கையிலிருந்து வரும் தண்ணீர் எப்போது எங்கே விழும் என்று தெரியாதல்லவா. கை அழுத்தியது. தண்ணீர் நின்றது.

அவர் அப்படியே இருந்தார்.

"விடலாமா சார்?" என்று கேட்டார் மாஸ்டர். "தோள்ல ஊத்தப் போறேன். காதுல படாது."

அதிகாரி கையை எடுத்தார். தண்ணீர் வந்தது. அழுத்தினார், நின்றது. எடுத்தார், வந்தது. இப்படி எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. வரிசையில் நின்ற மேனேஜர் அம்மா, "மீட்டிங் இருக்கு," என்று முணுமுணுத்தார். வெள்ளைக் குட்டி அவரை முறைத்தது. மந்திரி தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஈரமாக இருந்த அதிகாரியின் முகத்தை நக்கியது. அப்போதுதான் அந்த ஈரம் தண்ணீர் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

"எங்கம்மா," என்றார் அவர், தொட்டிக்குள் உட்கார்ந்தபடி. "பக்கவாதம். பேச்சு போயிடுச்சு. இடது கை மட்டும் அசையும். தினமும் நான்தான் குளிப்பாட்டறேன். கீறுவாங்க. அழுவாங்க. என்னைப் பிடிக்கலைன்னு நினைச்சேன். சீக்கிரம் முடிச்சா அவங்களுக்கு நல்லதுன்னு, வேகவேகமா…" சட்டைக்கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான் காய்ந்த துண்டு ஒன்றை அவர் தோளில் போட்டேன். நாய்த் துண்டுதான். வேறு இல்லை.

"தம்பி," என்று என் தம்பியைக் கூப்பிட்டார். அதுவரை யாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "கால் அசையாதவங்களுக்கு… கையில பிடிக்கற மாதிரி செய்ய முடியுமா?"

"ரப்பர் குமிழ் வெச்சுச் செய்யலாம் சார். பிசைஞ்சா நிக்கும். இடது கைக்குத்தானே?"

அதிகாரி இறங்கினார். செருப்பை மாட்டினார். ஈரக் கையோடு பேனாவைத் திறந்தார். என் பக்கத்தில் ஒரு பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கருவி, பயன்படுத்தறவருக்கு எட்டற இடத்துல இருக்கணும்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "உள்ள இருந்தது நான். எனக்கு எட்டுச்சு." நிமிர்ந்தார். "சோதிச்சு எழுதியிருக்கேன். இதை எந்த மேலதிகாரியும் தப்புன்னு சொல்ல முடியாது. வேணும்னா அவரும் வந்து தொட்டியில நின்னு பார்க்கட்டும்."

உரிமம் எங்கள் சுவரில் இருக்கிறது. அதன் ஒரு மூலை நனைந்து சுருங்கியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் அதிகாரி வீட்டுக்குப் போனோம். சிறிய குளியலறை. தம்பி குழாயைப் பிரித்து, ரப்பர் குமிழைப் பொருத்தி, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்தான். அந்த அம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். மாஸ்டர் அவர் முன்னால் குனிந்து, எல்லா மாணவர்களுக்கும் சொல்வதையே சொன்னார்: "அம்மா, இது பிரேக். எப்ப வேணும்னாலும் மிதிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." அந்த அம்மா இவரைப் பைத்தியமோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு இடது கையில் குமிழை வாங்கிக்கொண்டார்.

மகன் அவரை உள்ளே கொண்டுபோனார். நாங்கள் கூடத்தில் நின்றோம். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. உடனே நின்றது.

நின்றது நின்றதுதான். வெகுநேரம் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "வால்வு மாட்டிக்கிச்சோ?" என்று தம்பி பதறினான். "இல்லை," என்றார் மாஸ்டர். "முதல் நாள் எல்லாரும் பிரேக்குலயே நிப்பாங்க."

உள்ளேயிருந்து, முத்திரை குத்தும் அந்தக் குரல், இப்போது முத்திரை இல்லாமல் கேட்டது. "அம்மா… கழுத்துல சோப்பு இருக்கும்மா. அரிக்கும். கண்ணுல படாம மெதுவா ஊத்தறேன். நீ சொல்றப்போ ஊத்தறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

நான் கதவைப் பார்க்கவில்லை. இவருடைய வலது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மடங்கி, முழு பாரமும் ஊன்றி, அந்த வீட்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அது மெல்ல மேலே எழுந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.